ஆறாவது ஆள்

அன்புள்ள ஐயா,

ஊரில் கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவன் நான். ஸ்காபரோவுக்கு வந்தபிறகு பேஸ்போலில் விழுந்துவிட்டேன். ரொறன்ரோ புளூ ஜேஸ் அணி பற்றி வேலையிடத்தில் ஏதும் சந்தேகம் என்றால் என்னைத்தான் கேட்பார்கள். ஆனால் ஒவ்வொரு ஏப்ரலும் எனக்கு 2013 ஞாபகம் வந்துவிடும். அந்த வருடம் உலகத் தொடர் எங்களுக்குத்தான் என்று எல்லோரும் சொன்னார்கள். சிறந்த பிட்சருக்கான சை யங் விருது வாங்கிய ஆர்.ஏ. டிக்கி, ஜோஷ் ஜோன்சன், மார்க் பேர்லி, பிரண்டன் மொரோ, ஜே.ஏ. ஹாப் என்று ஐந்து ஸ்டார்ட்டர்கள் (ஆட்டத்தைத் தொடங்கி எறியும் பிட்சர்கள், அதாவது பந்து எறிபவர்கள்). ஏப்ரல் முடியும்போது 10 வெற்றி, 17 தோல்வி. முடிவில் 74-88, பிரிவில் கடைசி இடம். அன்றிலிருந்து முதல் மூன்று கிழமைக்குள் எங்கள் ஸ்டார்ட்டர் யாரும் அடி வாங்கினால் எனக்கு நித்திரை வராது. கூட வேலை செய்யும் நண்பர், "162 ஆட்டத்தில் 27 ஆட்டம் ஒரு கணக்கா?" என்று சிரிக்கிறார்.

என் கேள்விகள் இவை. ஏப்ரல் மாதப் பந்துவீச்சை எவ்வளவு தூரம் நம்பலாம்? இளம் பிட்சர் நோவா சிண்டர்கார்டைக் கொடுத்து டிக்கியை வாங்கியதுதான் பிழையா? மூடிய கூரையும் குளிரும் காரணமா? பந்துவீச்சுப் பயிற்சியாளரை அப்போதே மாற்றியிருக்க வேண்டாமா?

இன்னொன்று. என் மகனுக்குப் பதினொரு வயது. அவனும் பிட்சர்தான். போன சனி 62 பந்து எறிந்தான். அணியில் எறியத் தெரிந்தது இரண்டே பேர் என்பதால் ஞாயிறும் 30 எறிந்தான். முழங்கை நோகுது என்றான், ஐஸ் வைத்தோம். ஒரு நாள் பெரிய ஸ்டார்ட்டராக வருவான் என்று நம்புகிறேன்.

அன்புடன்,
எஸ்., ஸ்காபரோ

*

அன்புள்ள எஸ்.,

ஒவ்வொரு ஏப்ரலிலும் தூக்கம் தொலைக்கிறீர்கள் என்றால் நீங்கள் இந்த விளையாட்டை உண்மையாகவே நேசிக்கிறீர்கள் என்று பொருள். அதை வைத்து யாரும் உங்களைக் கிண்டல் செய்ய வேண்டியதில்லை, உங்கள் நண்பர் உட்பட. கடிதத்தின் கடைசிப் பத்திக்காக உங்களைத் திட்டப் போகிறேன். அதைக் கடைசியில் வைத்துக்கொள்கிறேன்.

"ஐந்து ஸ்டார்ட்டர்கள்" என்று எழுதியிருக்கிறீர்கள். எல்லோரும் அப்படித்தான் எழுதுகிறார்கள். இந்த ஐந்து என்ற கணக்கைப் பற்றி எழுத வேண்டும் என்று கொஞ்ச நாளாகவே நினைத்துக்கொண்டிருந்தேன். உங்கள் கடிதம் சரியான நேரத்தில் வந்தது.

முதலில் உங்கள் நண்பரின் சிரிப்பு. அவர் சொல்வது பாதி சரி. ஈஆர்ஏ, அதாவது ஒன்பது இன்னிங்ஸுக்கு ஒரு பிட்சர் தன் கணக்கில் எத்தனை ரன் விடுகிறார் என்ற எண், ஏப்ரலில் ஒன்றுக்கும் உதவாது. ஒரு பிட்சர் 25 இன்னிங்ஸில் 8 ரன் விட்டிருக்கிறார் என்று வையுங்கள். ஈஆர்ஏ 2.88, ஊரே கொண்டாடும். அடுத்த ஆட்டத்தில் பதினான்கு அவுட் எடுப்பதற்குள் 8 ரன் போகிறது. ஈஆர்ஏ 4.85 ஆகிவிடும். ஒரே சாயங்காலம். அவர் கையும் மாறவில்லை, பந்தும் மாறவில்லை. 2017இல் கிளீவ்லண்டின் கோரி குளூபர் முதல் ஆறு ஆட்டங்களில் 5.06 வைத்திருந்தார், முதுகுவலி என்று ஒரு மாதம் உட்கார்ந்தார், திரும்பி வந்து 2.25இல் முடித்து சை யங் வாங்கினார். 2019இல் வாஷிங்டனின் அனிபல் சாஞ்சஸ் முதலில் ஆறு தோல்வி, ஒரு வெற்றிகூட இல்லை. 11-8 என்று முடித்தார், அணி உலகத் தொடரை வென்றது.

அதனால் ஏப்ரலில் ரன்னைப் பார்க்காதீர்கள். வேறு மூன்றைப் பாருங்கள். ஒன்று, வேகம். குளிரில் எல்லோருக்கும் மணிக்கு அரை மைல், ஒரு மைல் குறையும், கோடையில் திரும்பும். ஆகவே போன ஜூலையோடு ஒப்பிடக் கூடாது, அதே ஆளின் போன ஏப்ரலோடு ஒப்பிட வேண்டும். இரண்டு மைலுக்கு மேல் குறைந்திருந்தால் கவலைப்படலாம். முதல் இன்னிங்ஸில் 94 எறிந்தவர் நான்காவதில் 91க்கு இறங்கினால் இன்னும் அதிகமாகக் கவலைப்படலாம். இரண்டு, கை பந்தை விடும் உயரம். தோளோ முழங்கையோ நோகும் பிட்சர் தன்னை அறியாமலே கையைத் தாழ்த்துவார், பந்து மட்டைக்காரரின் இடுப்புயரத்தில் மிதக்கும், வாக் (நான்கு பந்து வெளியே போனால் மட்டைக்காரருக்கு இலவசமாகக் கிடைக்கும் முதல் பேஸ்) கூடும்.

மூன்றாவதுதான் முக்கியம்: ஒரு இன்னிங்ஸுக்கு எத்தனை பந்து. ஸ்டார்ட்டருக்கு ஒரு நாளைக்கு 95 பந்து என்று வைத்துக்கொண்டால், இன்னிங்ஸுக்கு 16 எறிபவர் ஏறக்குறைய ஆறு இன்னிங்ஸ் முடிப்பார். 19 எறிபவர் ஐந்தோடு முடிந்தார். மூன்றே பந்து வித்தியாசம். முதல் பந்தை ஸ்டிரைக்காகப் போடாமல், 2-0, 3-1 (முதல் எண் வெளியே போன பந்து, இரண்டாவது ஸ்டிரைக்) என்று பின்தங்கி, மட்டைக்காரர் ஃபவுல் அடித்து அடித்து நீட்டினால் அந்த மூன்று பந்து போய்விடும். அன்றைக்கு அவர் ஒரு ரன்னும் விடாமல்கூட இருக்கலாம். பெட்டிச் செய்தியில் நன்றாக எறிந்தார் என்றுதான் வரும். ஆனால் அந்த ஆறாவது இன்னிங்ஸை வேறு யாரோ எறிந்தாக வேண்டும். அந்த யாரோவைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

கூரை, குளிர், காற்று எல்லாவற்றையும் விட்டுவிடுங்கள். ஏப்ரலில் உங்கள் அணியின் மைதானமான ரோஜர்ஸ் சென்டரின் கூரை பெரும்பாலும் மூடித்தான் இருக்கும், உள்ளே வந்து ஆடிய எதிரணிக்கும் அதே கூரைதான்.

பயிற்சியாளரை மாற்றும் யோசனை பற்றி ஒரே ஒரு தகவல். 2013இல் பந்துவீச்சுப் பயிற்சியாளர் பீட் வாக்கர். அந்தப் பொறுப்பில் அவருக்கு அதுதான் முதல் வருடம். 2025இல் உங்கள் அணி உலகத் தொடரின் ஏழாவது ஆட்டம்வரை போனபோதும் அந்த இடத்தில் இருந்தவர் அதே பீட் வாக்கர்தான். நீங்கள் சொன்னபடி அன்றைக்கே அனுப்பியிருந்தால் என்ன லாபம்? தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்துகொண்டு ஆளைத் துரத்தச் சொல்வது சுலபம். மூன்று வாரத்தில் யாராலும் ஒருவரின் முழங்கை தசைநாரைச் சரிசெய்ய முடியாது.

டிக்கிக்கு வருகிறேன். இவரை வில்லனாக்கும் பழக்கம் உங்கள் ஊரில் இன்னும் போகவில்லை. 2012இல் நியூயார்க் மெட்ஸுக்கு 20 வெற்றி, 6 தோல்வி, ஈஆர்ஏ 2.73. சை யங் வாங்கிய முதல் நக்கிள்பால் பிட்சர். நக்கிள்பால் என்ற பெயரைப் பார்த்து விரல் முட்டியால் எறிவது என்று நினைக்கிறார்கள். ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நகநுனியைத் தையலுக்குப் பின்னால் தோலில் ஊன்றிக்கொண்டு, மணிக்கட்டை மடக்காமல் பந்தைத் தள்ளிவிடுவது அது. பந்து சுழலவே கூடாது. மட்டைக்காரர் நிற்கும் தட்டுக்கு வந்து சேர்வதற்குள் அரைச் சுற்று, அதற்கும் குறைவாகச் சுற்றினால் தையலில் காற்று மோதி எந்தப் பக்கம் விலகும் என்று எறிந்தவருக்கே தெரியாது. ஒன்றிரண்டு சுற்று கூடிவிட்டால் அது வெறும் மெதுவான நேர்ப்பந்து. மற்ற நக்கிள்பால்காரர்கள் 65, 70 மைலில் எறிவார்கள், டிக்கி 77 மைல் அளவில் எறிந்தார். அந்த வேகம்தான் அவர் ரகசியம்.

2013 மார்ச்சில் உலக பேஸ்பால் கிளாசிக்கில் அமெரிக்காவுக்கு எறியப் போனார். ஏப்ரலில் கழுத்தும் மேல்முதுகும் பிடித்துக்கொண்டன. கழுத்து திரும்பாதவரால் கையை முழுவதும் முன்னால் கொண்டுவந்து முடிக்க முடியாது. முடிக்காவிட்டால் விரல் கடைசி நொடியில் பந்தை உரசும், பந்து சுற்றும், வேகமும் இறங்கும். ஏப்ரல் 7ஆம் தேதி பாஸ்டனிடம் 13-0 என்று தோற்ற ஆட்டத்தைத் தொடங்கியவர் அவர்தான். 2012இல் 24 ஹோம் ரன் விட்டவர் 2013இல் 35 விட்டார். இவ்வளவுக்குப் பிறகும் அவர் 34 ஆட்டங்களைத் தொடங்கி 224 இன்னிங்ஸுக்கு மேல் எறிந்தார், ஈஆர்ஏ 4.21. ஏப்ரலில் ஆறுக்கு மேல் ஈஆர்ஏ வைத்திருந்த பேர்லியும் 33 ஆட்டம், 203 இன்னிங்ஸ், 4.15 என்று முடித்தார். தொடர்ந்து பதின்மூன்றாவது வருடமாக 200 இன்னிங்ஸ். இந்த இருவர் மேல் கைவைக்காதீர்கள். அந்த அணியில் வேலைக்கு ஒழுங்காக வந்தவர்கள் இவர்கள் இரண்டு பேர்தான்.

இப்போது உங்கள் ஐந்து பேரின் கணக்கைப் போடுவோம். டிக்கி 34, பேர்லி 33, ஹாப் 18, ஜோன்சன் 16, மொரோ 10. மொத்தம் 111 ஆட்டம். சீசனில் இருப்பது 162. மீதி 51 ஆட்டத்தை யார் தொடங்கினார்கள்? எஸ்மில் ரோஜர்ஸ் 20, டாட் ரெட்மண்ட் 14, தைவானின் சியன்-மிங் வாங் 6, ரமோன் ஒர்டிஸ் 4, சாட் ஜென்கின்ஸ் 3, ரிக்கி ரொமேரோ 2, ஆரன் லாஃபி 1, ஷான் நோலின் 1. ஆகப் பதின்மூன்று பேர். சீசனின் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை, நீங்கள் கடிதத்தில் பெயரே சொல்லாத ஆட்கள் தொடங்கினார்கள். அந்த எட்டுப் பேரில் யாராவது ஒருவர் மார்ச் மாதம் அட்டைப்படத்தில் இருந்தாரா?

என்ன நடந்தது என்று வரிசையாகப் பாருங்கள். ஏப்ரல் கடைசியில் ஜோன்சனுக்குப் பின்கைத் தசையில் வீக்கம், ஜூன் தொடக்கம்வரை இல்லை. அந்த இடத்தில் லாஃபி ஒரு ஆட்டம். ரொமேரோ மார்ச் இறுதியில் எறியும் முறையைத் திருத்திக்கொள்ளச் சொல்லி டனீடனில் உள்ள ஏ மட்டக் கிளை அணிக்குக் கீழே அனுப்பப்பட்டவர். திருந்தி முடிவதற்குள் மே 3ஆம் தேதி மேலே இழுத்தார்கள். மே 7ஆம் தேதி தாம்பா பே அணியின் மைதானத்தில் டெஸ்மண்ட் ஜென்னிங்ஸ் அடித்த பந்து நேராக ஹாப்பின் தலையில் பட்டு மண்டையோட்டில் கீறல். ஆகஸ்ட்வரை அவர் திரும்பவில்லை. மறுநாள் அதே மைதானத்தில் ரொமேரோ ஒரே ஒரு அவுட் எடுத்தார், மூன்று ரன் விட்டார், திரும்பக் கீழே. மே 24ஆம் தேதி இரண்டு படி கீழே உள்ள டபிள் ஏ மட்டத்திலிருந்து நோலின் என்ற பையனைக் கூட்டிவந்தார்கள். நான்கு அவுட், ஆறு ரன். மே கடைசியில் மொரோவுக்கு முன்கை போனது. ஜூன் 2ஆம் தேதி சான் டியேகோவில், நாற்பது வயது ஒர்டிஸ் ஒரு பந்தை எறிந்துவிட்டு முழங்கையைப் பிடித்துக்கொண்டு, பிட்சர் நின்று எறியும் மேடான மவுண்டிலேயே அழுதார்.

இதைத் துரதிர்ஷ்டம் என்று சொல்வார்கள். ஹாப்பின் தலையில் பட்டது துரதிர்ஷ்டம். மற்றது எல்லாம் எதிர்பார்த்திருக்க வேண்டியது. ஏனென்றால் ஒரு வருடம் முன்னால், 2012 ஜூனில், ஒரே வாரத்தில் மொரோ, டிரேபெக், ஹட்சிசன் என்று மூன்று ஸ்டார்ட்டர்களை இதே அணி இழந்தது. டிரேபெக்கும் ஹட்சிசனும் முழங்கை அறுவை முடிந்து 2013இல் தேறிக்கொண்டிருந்தார்கள். அதாவது ஆறாவது, ஏழாவது ஆட்கள் ஏற்கெனவே படுக்கையில். அந்த நிலையில் 2012 நவம்பரிலும் டிசம்பரிலும் அணி என்ன செய்தது? மயாமிக்கு ஹென்டர்சன் ஆல்வரெஸைக் கொடுத்தது. முந்தைய சீசனில் டொரண்டோவுக்காக 31 ஆட்டம் தொடங்கியவர் அவர். கூடவே டெஸ்க்ளஃபானி, நிக்கலினோ. மெட்ஸுக்கு சிண்டர்கார்ட். நீங்கள் சிண்டர்கார்டை மட்டும் நினைத்துப் புலம்புகிறீர்கள், அவர் 2013இல் மேலே வரத் தயாராகவே இல்லை. புலம்பவேண்டியது ஆல்வரெஸுக்காக. 2013இல் மயாமிக்கு 17 ஆட்டம், ஈஆர்ஏ 3.59, சீசனின் கடைசி நாளில் டெட்ராய்ட்டுக்கு ஒரு ஹிட்கூடக் கொடுக்காமல் முடித்தார். அந்த 17 ஆட்டத்தை டொரண்டோவில் யார் எறிந்தார்கள் என்று மேலே உள்ள பட்டியலில் பாருங்கள். நான்கு புது டயர் வாங்குவதற்காக ஸ்டெப்னியை விற்றுவிட்டார்கள்.

ஆறாவது ஆள் என்றால் வெளியே சும்மா உட்கார்ந்திருப்பவர் என்று நினைத்துக்கொள்கிறோம். அவர் உட்கார்ந்திருந்தால் பயனே இல்லை. ஸ்டார்ட்டரின் உடம்பு ஐந்து நாள் கடிகாரத்தில் ஓடுகிறது. எறிந்த மறுநாள் ஓட்டம், தோள் பயிற்சி, லேசாகப் பந்து போட்டுப் பிடிப்பது. இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ மவுண்டில் நின்று 25-35 பந்து. நான்காம் நாள் கிட்டத்தட்ட ஓய்வு. ஐந்தாம் நாள் 95. இந்தக் கடிகாரத்தை ஏற்றுவதற்குத்தான் பிப்ரவரி நடுவிலிருந்து மார்ச் முடியும்வரை பயிற்சி முகாம்: முதல் ஆட்டத்தில் 30 பந்து, பிறகு 45, 60, 75, 90. இடையில் ஒரு படியைத் தாண்டினால் கை தாங்காது.

ஆறாவது ஆளின் கடிகாரமும் இதே மாதிரி ஓட வேண்டும், அதுவும் டிரிபிள் ஏ அணியில், அதாவது ஒரே ஒரு படி கீழே உள்ள கிளை அணியில், மேலே இருப்பவர்களில் யாராவது ஒருவரின் நாளோடு பொருந்தி. புதன்கிழமை எறிய வேண்டியவருக்குச் செவ்வாய் இரவு முன்கை இறுகுகிறது என்றால், கீழே முந்தைய வியாழனோ வெள்ளியோ எறிந்தவர்தான் புதன்கிழமைக்கு உதவுவார். திங்கட்கிழமை 90 பந்து எறிந்தவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் வேண்டாம். அதனால் கெட்டிக்கார அணிகள் கீழே இரண்டு பேரை இரண்டு வெவ்வேறு நாட்களில் வைத்திருப்பார்கள். தூரமும் ஒரு கணக்கு. 2012 முடியும்வரை டொரண்டோவின் டிரிபிள் ஏ அணி லாஸ் வேகஸில், கண்டத்தின் இன்னொரு கோடியில் இருந்தது. பாலைவனத்தின் உலர்ந்த காற்றில் பந்து பறக்கும், வளைவுப் பந்து வளையாது. இளம் பிட்சர்களைக் கெடுத்துவிடும் என்று பலரை அங்கே அனுப்பவே மாட்டார்கள். 2013இல்தான் பஃபலோவுக்கு மாறினார்கள், இரண்டு மணி நேரக் கார்ப் பயணம். பாதை சரியானது, அந்தப் பாதையில் வருவதற்கு ஆள்தான் இல்லை.

அடுத்தது சட்டச் சிக்கல். அணியின் 40 பேர் பட்டியலில் இருப்பவரை ஆப்ஷன் (கீழே அனுப்பும் உரிமை) மிச்சமிருந்தால் மட்டும் தடையில்லாமல் கீழே அனுப்பலாம், ஒருவருக்கு மூன்று வருட ஆப்ஷன்தான். அனுப்பினால் உடனே திரும்பக் கூப்பிட முடியாது: அன்றைக்குப் பத்து நாள், இப்போது பிட்சர்களுக்குப் பதினைந்து நாள். காயம்பட்ட ஒருவரின் இடத்துக்கு என்றால் மட்டும் விலக்கு. ஆப்ஷன் தீர்ந்தவரைக் கீழே அனுப்ப வேண்டுமென்றால் முதலில் மற்ற 29 அணிகளுக்கும் காட்ட வேண்டும், யார் வேண்டுமானாலும் தூக்கிக்கொண்டு போகலாம். வயதான பிட்சர்கள் மைனர் லீக் ஒப்பந்தத்தில் வருவார்கள், ஆனால் ஜூனுக்குள் மேலே கூப்பிடாவிட்டால் வெளியேறலாம் என்று ஒரு ஷரத்து வைத்திருப்பார்கள். வாங் அப்படித்தான் 2013 ஜூனில் யாங்கீஸின் கீழ் அணியிலிருந்து வெளியேறி டொரண்டோவுக்கு வந்தார். முதல் ஆட்டம் சிகாகோவில் அருமை, ஏழு இன்னிங்ஸ் தாண்டினார். ஆறு ஆட்டத்தில் ஈஆர்ஏ 7.67. வேறொரு அணி ஆறாவது ஆளாகக்கூட வைத்துக்கொள்ளாதவரை நம்பி ஓட்ட வேண்டிய நிலை.

ஆக, ஆறாவது ஆளாக இருக்கத் தகுந்தவர் யார்? ஆப்ஷன் மிச்சமுள்ள 23, 24 வயதுக்காரர். அவரைத்தான் வியாபாரத்தில் எதிரணி முதலில் கேட்கும். கேட்டதும் கொடுத்துவிடுகிறார்கள், ஏனென்றால் அவருக்கு டிக்கெட் விற்காது.

அவர் இல்லாவிட்டால் இருக்கும் வழி, ஸ்டார்ட்டருக்குப் பின் வந்து எறியும் பிட்சர்களின் கூட்டமான புல்பென்னிலிருந்து ஒருவரை ஸ்டார்ட்டராக்குவது. எஸ்மில் ரோஜர்ஸ் அப்படி வந்தவர்தான். ஜூனில் சில வாரம் நன்றாகவே எறிந்தார், அணி தொடர்ந்து 11 ஆட்டம் வென்று 38-36 என்று தலைதூக்கியது. (உங்கள் நண்பரிடம் இதைச் சொல்லலாம்: ஏப்ரலிலேயே எல்லாம் முடிந்துவிடவில்லை.) ஆனால் ஒரு இன்னிங்ஸ் எறிந்து பழகிய கையை 90 பந்துக்கு நீட்ட மூன்று, நான்கு ஆட்டம் ஆகும். அத்தனை ஆட்டத்திலும் மீதி நான்கைந்து இன்னிங்ஸை புல்பென்னே எறிய வேண்டும், அதுவும் தன் ஆட்களில் ஒருவரை இழந்த புல்பென்.

இங்கேதான் அந்த மூன்று பந்துக் கணக்கு திரும்ப வருகிறது. ஐந்து ஸ்டார்ட்டர்களும் ஆறு இன்னிங்ஸுக்குப் பதில் ஐந்தோடு நின்றால், ஐந்து நாளில் ஐந்து இன்னிங்ஸ் கூடுதல். ஏப்ரலின் 27 ஆட்டத்தில் 27 இன்னிங்ஸ். ஏழு பேர் பங்குபோட்டால் ஆளுக்கு நான்குகூட வராதே என்று தோன்றும். பங்கு அப்படிப் பிரியாது. தோற்கும் ஆட்டத்தின் இன்னிங்ஸ் கடைசி இரண்டு பேருக்கும், ஒரு ரன் வித்தியாசத்தில் நிற்கும் ஆட்டத்தின் இன்னிங்ஸ் மேல் மூன்று பேருக்கும் போகும். எறியாத நாளிலும் இரண்டு முறை எழுந்து 20 பந்து எறிந்து சூடாக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள், அது எந்தப் புள்ளிவிவரத்திலும் வராது. 2013இல் டொரண்டோவின் புல்பென் உண்மையிலேயே நல்ல புல்பென். பிரெட் சீசில், ஸ்டீவ் டெலபார் இருவரும் ஜூலை ஆல்-ஸ்டார் ஆட்டத்துக்குப் போனார்கள். ஆகஸ்டில் டெலபாருக்குத் தோள், செப்டம்பரில் சீசிலுக்கு முழங்கை. இதற்கும் ஏப்ரலுக்கும் சம்பந்தமில்லை என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

"ஐந்தே பேரை வைத்து முழு சீசனும் ஆடிய அணி இல்லையா?" என்று கேட்பீர்கள். இருக்கிறது. 2003 சியாட்டில்: மோயர், கார்சியா, பினேரோ, ஃபிராங்க்லின், மெச். 162 ஆட்டத்தையும் இந்த ஐந்து பேரே தொடங்கினார்கள். 93 வெற்றி, ஆனாலும் பிளேஆஃபுக்குள் நுழையவில்லை. 2012 சின்சினாட்டி 161 ஆட்டத்தை ஐந்து பேரை வைத்தே ஓட்டியது, 97 வெற்றி. அக்டோபரில் முதல் ஆட்டத்தில், முதல் இன்னிங்ஸில், எட்டே பந்து எறிந்த ஜானி குவேட்டோ முதுகைப் பிடித்துக்கொண்டு வெளியேறினார். முதல் இரண்டு ஆட்டம் வென்றும், அடுத்த மூன்றையும் சொந்த மண்ணில் சான் பிரான்சிஸ்கோவிடம் தோற்றார்கள். சீசன் முழுக்க வராத செலவு அக்டோபரில் ஒரே நாளில் வந்தது. அந்த வருடம் மிச்சமிருந்த ஒரே ஒரு ஆட்டத்தை, ஆகஸ்டில் ஒரே நாளில் இரண்டு ஆட்டம் வந்தபோது, ஐவரில் சேராத ஒருவர் தொடங்கினார். அவர் பெயர் டாட் ரெட்மண்ட். அடுத்த வருடம் உங்கள் அணிக்கு 14 ஆட்டம் தொடங்கிய அதே ரெட்மண்ட்தான். அவருடைய ஆட்டோகிராஃப் உங்களிடம் இருக்கிறதா? இருக்காது.

மாறாக 2024இல் லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ். ஸ்டார்ட்டர்கள் ஒருவர் பின் ஒருவராக விழுந்தார்கள், அக்டோபருக்கு மிஞ்சியது யமமோட்டோ, ஃபிளாஹர்டி, புயூலர் என்று மூன்றே பேர். நான்காவது நாளை முழுக்க புல்பென்னிடம் கொடுத்தார்கள். கொடுக்க முடிந்தது, கோப்பையும் வந்தது. பணக்கார அணி என்று உடனே சொல்லாதீர்கள். 2013இல் டொரண்டோவும் பணத்தை அள்ளித்தான் வீசியது, முதல் ஐந்து பெயர்களின் மேல்.

எனவே அடுத்த ஏப்ரலில் உங்கள் ஸ்டார்ட்டர் அடி வாங்கினால், அன்று இரவு பஃபலோவின் அட்டவணையை எடுத்துப் பாருங்கள். அங்கே யார் எந்தக் கிழமை எறிகிறார், 80 பந்து தாண்டுகிறாரா, 40 பேர் பட்டியலில் இருக்கிறாரா, ஆப்ஷன் இருக்கிறதா. இரண்டு பேராவது தேறினால் நிம்மதியாகத் தூங்குங்கள். தேறாவிட்டால் உங்கள் முதல் ஸ்டார்ட்டர் 1.50 வைத்திருந்தாலும் தூங்க வேண்டாம்.

இனி உங்கள் மகன். இதில் தயவுதாட்சண்யம் கிடையாது. பதினொரு வயதுப் பையன் சனிக்கிழமை 62, ஞாயிற்றுக்கிழமை 30. என்ன நினைத்துக்கொண்டு அனுமதித்தீர்கள்? இளம் பிட்சர்களுக்கான அமெரிக்காவின் பிட்ச் ஸ்மார்ட் வழிகாட்டியின் வரம்பு 11-12 வயதுக்கு ஒரு நாளில் அதிகபட்சம் 85 பந்து. அந்த எண்ணை மட்டும் பார்த்துவிட்டு எல்லோரும் நிறுத்திவிடுகிறார்கள், ஓய்வு நாளைப் பார்ப்பதில்லை. 20 பந்துவரை ஓய்வு வேண்டாம். 21-35 என்றால் ஒரு நாள், 36-50 இரண்டு நாள், 51-65 மூன்று நாள், 66க்கு மேல் நான்கு நாள். 62 எறிந்தவன் ஞாயிறு, திங்கள், செவ்வாய் மவுண்டைத் தொடக்கூடாது. புதன்தான். பிட்ச் செய்த அதே ஆட்டத்தில் கேட்சராகவும் உட்காரக்கூடாது. பன்னிரண்டு மாதத்தில் மொத்தம் 80 இன்னிங்ஸ், வருடத்தில் நான்கு மாதம் பிட்சிங்கே கிடையாது.

வலிக்கிறது என்று அவன் சொன்ன பிறகு ஐஸ் வைத்தது வலியை மறைத்ததோடு சரி. அவன் வயதில் முழங்கையின் உட்புறத்தில் எலும்பு இன்னும் வளர்ச்சித் தகடாகத்தான் இருக்கும். பெரியவர்களுக்குத் தசைநார் கிழியும் இடத்தில் குழந்தைகளுக்கு இந்தத் தகடு இழுபடும். உட்புற மேட்டை விரலால் அழுத்தும்போது நோகிறதா, கையை முழுவதும் நீட்ட முடிகிறதா என்று இன்றைக்கே பாருங்கள். எதுவாக இருந்தாலும் இந்த வாரமே விளையாட்டுக் காயம் பார்க்கும் மருத்துவரிடம் போங்கள். அவனாக வாயைத் திறந்து சொன்னானே, அதுவே பெரிய விஷயம். பெரும்பாலான பையன்கள் அப்பா வருத்தப்படுவார் என்று சொல்லவே மாட்டார்கள். சொன்னதற்காக அவனை ஒருமுறை கட்டிக்கொள்ளுங்கள்.

அணியில் எறியத் தெரிந்தது இரண்டே பேர் என்கிறீர்கள். பயிற்சியாளரிடம் இந்தக் கணக்கைக் கொண்டுபோங்கள். ஆறு இன்னிங்ஸ் ஆட்டத்துக்கு இந்த வயதில் சுமார் 100 பந்து ஆகும். வாரக்கடைசியில் இரண்டு ஆட்டம். ஆளுக்கு 35க்கு மேல் போகாமல் இருக்க வேண்டுமென்றால் சனிக்கு மூன்று பேர், ஞாயிறுக்கு மூன்று பேர். ஆறு பேர் வேண்டும். பன்னிரண்டு பையன்களில் ஆறு பேரை உருவாக்க முடியாது என்று யாரும் சொல்லக்கூடாது. ஷார்ட்ஸ்டாப்பிலும் மூன்றாம் பேஸிலும் நிற்பவர்களைப் பாருங்கள், முதல் பேஸுக்கு நேராக எறிபவனால் தட்டுக்கும் எறிய முடியும். ஒவ்வொரு பயிற்சியிலும் இரண்டு பேருக்குப் பத்து நிமிடம். முதல் இரண்டு வாரம் வழக்கமான தூரத்தில் மூன்றில் இரண்டு பங்கு, 15 பந்து. நேர்ப்பந்துக்கான நான்கு தையல் பிடி மட்டும், கேட்சரின் கையுறை நடுவில் அசையாமல். வளைவுப் பந்து பற்றிப் பேச்சே வேண்டாம். பின்கால் நிற்கும் இடத்திலிருந்து தட்டு நோக்கித் தரையில் சுண்ணாம்புக்கட்டியால் ஒரு கோடு போடுங்கள். முன்கால் அந்தக் கோட்டின் மேல் விழ வேண்டும். குறுக்கே விழுந்தால் இடுப்பு பூட்டிக்கொள்ளும், கை தனியாகச் சுற்றிவந்து முழங்கையை இழுக்கும். தூரம் கூட்டுவது பத்தில் ஆறு பந்து ஸ்டிரைக் ஆன பிறகுதான்.

எண்ணுவதற்கு ஒரு கிளிக்கர் வாங்குங்கள், விரல் விட்டு எண்ணினால் மூன்றாவது இன்னிங்ஸில் தப்பிவிடும். அந்த வேலையை உங்கள் மகனிடம் கொடுங்கள். மருத்துவர் சரி என்று சொல்லும்வரை கையில் கிளிக்கர் மட்டும்தான், ஒரு பந்துகூடக் கூடாது.